உறங்கும் வண்டியில் உண்பவர் யார்?

2020 மார்ச் 25 அன்று இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. முதலில் அறிவிக்கப்பட்டவை 21 நாள்கள். பின்னர் அவை நீண்டன. வாசலில் நிறுத்திய கார்களைப் பல வாரங்கள் எவரும் தொடவில்லை. மீண்டும் சாவியைத் திருப்பியபோது எத்தனையோ வண்டிகள் 'டக்' என்ற ஒற்றை ஒலியோடு அடங்கிப்போயின. வடக்கே இதனை 'பேட்டரி பைட் கயீ' என்பர், பேட்டரி உட்கார்ந்துவிட்டதாம். தமிழில் அது 'இறங்கிவிடும்'. இரண்டு வழக்குகளிலும் பேட்டரியே எழுவாய். அதிலிருந்த மின்னை உண்டவர் யார் என்ற கேள்விக்கு அவ்வாக்கியங்களில் இடமில்லை. அக்கேள்வியைக் கேட்கவும் விடை காணவும் மெக்கானிக்குகள் கற்ற வரலாறு ஏறத்தாழ நூறாண்டு நீளமுடையது.

ஈய அமில பேட்டரியை 1859இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். ஆயினும் அது காரின் உயிர்நாடியானது, சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் தொடக்கியைக் காடிலாக் நிறுவனம் 1912இல் தன் கார்களில் பொருத்திய பிறகுதான். அதுவரை எஞ்சினின் முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே வண்டியைக் கிளப்பினர். இந்தியாவில் அப்பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1950களின் இறுதியில் உத்தரபாராவிலிருந்து வெளிவரத் தொடங்கிய அம்பாசடரையும் கைப்பிடியால் கிளப்ப முடிந்தது. பேட்டரி இறங்கினால் அது தொல்லை; பயணமே நின்றுபோகும் பேரிடரன்று.

அக்கால வண்டியில் சாவியை எடுத்தபின் மின் உண்ணும் உறுப்பு அநேகமாக இல்லை; இருந்தால் ஒரு கடிகாரம். ஆகவே நின்ற வண்டியில் மின் ஓடுகிறது என்றாலே பழுது என்று பொருள். சோதனையும் எளிது. பேட்டரி முனையிலிருந்து கம்பியைக் கழற்றி மீண்டும் மெல்லத் தொடுவர். பொறி தெறித்தால் எங்கோ ஓட்டம் உண்டு. இன்னும் நுட்பமானவர், கழற்றிய கம்பிக்கும் முனைக்கும் நடுவே ஒரு சிறு பல்பை இணைப்பார். பல்பு எரியும், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார், எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ, குற்றவாளி அந்தத் தடத்தில். எல்லாவற்றையும் பிடுங்கியும் அணையாவிட்டால் பார்வை டைனமோவின் கட்அவுட்டுக்குத் திரும்பும். எஞ்சின் நின்றதும் டைனமோவைப் பேட்டரியிலிருந்து பிரிக்க வேண்டிய அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால், மின்னைத் தர வேண்டிய டைனமோவே அதைத் திருப்பி உண்ணத் தொடங்கும். டைனமோவின் இடத்துக்கு ஆல்டர்னேட்டர் வந்தபோது கட்அவுட்டின் காவற்பணியை டயோடுகள் ஏற்றன. டயோடு கெட்டால் அதே களவு, ஓசையின்றி.

பொறி 'உண்டு' என்று மட்டும் சொல்லும். 'எவ்வளவு' என்று சொல்லாது. 1923இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ஏவோமீட்டர், ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே கருவியில் அளந்தது. அதை வடிவமைத்த டொனால்ட் மெக்கடி அஞ்சல் துறைப் பொறியாளர். அதன் வழிவந்த மல்டிமீட்டர் பட்டறைகளுக்கு வந்தபின் களவை அளவிட முடிந்தது. கணக்கு கடினமன்று. சிறிய கார் ஒன்றின் பேட்டரி 35 ஆம்பியர் மணி எனக் கொள்வோம். அணையாத 5 வாட் டிக்கி பல்பு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் உண்ணும். மூன்றரை நாளில் பேட்டரி வற்றும். எஞ்சினைச் சுழற்றும் ஆற்றலோ அதற்கு வெகு முன்பே போய்விடும்.

2000ஆம் ஆண்டில் மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. கார்புரேட்டர் விடைபெற, எரிபொருளைக் கணித்துச் செலுத்தும் கணினி வந்தது. திருட்டுத் தடுப்பு, ரிமோட் பூட்டு, நினைவாற்றலுள்ள ரேடியோ எனத் தொடர்ந்து வந்தவை யாவும் சாவியை எடுத்தபின்னும் சிறிது மின்னைக் கேட்டன. ஓட்டம் இருப்பதே பழுது என்ற பழைய விதி இங்கே முறிந்தது. இன்று பல கார்களில் 50 மில்லிஆம்பியர் வரை இயல்பு. மேற்சொன்ன பேட்டரியை அதுவும் ஏறத்தாழ 29 நாளில் வற்றச் செய்யும். ஊரடங்கில் ஓய்ந்த வண்டிகள் பலவற்றில் பழுதே இல்லை, நாள்கள்தாம் மிகுதி.

பழைய சோதனையும் பொய் சொல்லத் தொடங்கியது. கம்பியைக் கழற்றித் தொட்டால் கணினிகள் அனைத்தும் விழித்தெழுந்து ஒருசேர மின்னை இழுக்கும். நலமுள்ள வண்டியிலும் பொறி தெறிக்கும். உண்மைக் குற்றவாளியோ இணைப்பு அறுந்த கணத்தில் தன்னைத் திருத்திக்கொண்டு மறையக்கூடும். ஆகவே புதிய முறை பொறுமையைக் கேட்கிறது: பேட்டரியைக் கழற்றாதே, வண்டியைப் பூட்டு, சாவியை அகற்று, கணினிகள் உறங்கும்வரை, தேவையெனில் அரைமணிக்கு மேலும், காத்திரு. பிறகு ஃபியூஸைப் பிடுங்காமல் அதன் இரு முனைகளிடையே மில்லிவோல்ட்டை அள. மின் ஓடும் ஃபியூஸில் மட்டுமே அந்த நுண்ணிய வேறுபாடு தென்படும்.

1986இல் பாஷ் நிறுவனம் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்திய கேன் என்னும் வலையமைப்பு இன்னொரு சிக்கலைச் சேர்த்தது. கணினிகள் தமக்குள் பேசிக்கொள்வதால், உறங்காத ஒன்று ஏனையவற்றையும் உறங்கவிடாது. மிகுதியாக உண்பவரே குற்றவாளி என்று இனிச் சொல்ல முடியாது. மற்றவரை எழுப்பி உண்ணச் செய்பவரும் ஆகலாம்.

ஒட்டுண்ணியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'பாராசிடோஸ்' முதலில் பூச்சியையோ செடியையோ குறிக்கவில்லை. பிறர் பந்தியில் அமர்ந்து உண்பவரைக் குறித்தது. இன்றைய காரின் பந்தியில் அழைக்கப்பட்ட விருந்தினரும் உளர், அழையாதவரும் உளர். 2019 சனவரி முதல் புதிய பொதுப்போக்குவரத்து வாகனங்களுக்கு மத்திய அரசு இடங்காட்டும் கருவியையும் அவசரப் பொத்தானையும் கட்டாயமாக்கியது. ஆகவே வாடகைக் கார்களில் விதியே அழைத்துவந்த விருந்தினரும் உண்டு. அக்கருவியை எந்தக் கம்பியில், எவ்வளவு செம்மையாக இணைத்தார்கள் என்பதில் ஓட்டுநரின் மறுநாள் பிழைப்பு இருக்கிறது.

முற்றும் வற்றி அப்படியே கிடக்கும் ஈயத் தகட்டில் சல்பேட் படிந்து இறுகும். பேட்டரி மெய்யாகவே கெடும். கடையில் சோதித்தால் 'பேட்டரி போய்விட்டது' என்பர், அது பொய்யன்று. ஓட்டுநர் புதியதை வாங்கிப் பொருத்துவார். உண்பவரைத் தேடாதவரை, அதுவும் ஒருநாள் காலையில் உட்கார்ந்துவிடும்.