சுவருக்கு முன்னும் பின்னும்: ஸ்விண்டன் ரயில்வே கிராமம்

கட்டிடக் கலை வரலாறு என்றாலே கோயில், கோட்டை, அரண்மனை என்று எழுதிப் பழகிவிட்டோம். தொழிலாளி குடியிருந்த லைன் வீடு அதற்குள் நுழைவது அபூர்வம். நுழைந்தாலும் அழகாக இருந்தால்தான் அனுமதி. இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில், விக்டோரியா பட்டமேறிய சில ஆண்டுகளில் கட்டத் தொடங்கிய சுமார் 300 வரிசை வீடுகள் இன்று அரசுப் பட்டியலில் இருக்கும் பாதுகாக்கப்பட்ட கட்டிடங்கள். அங்கே எது பாதுகாக்கப்பட்டது, எப்படிப் பாதுகாக்கப்பட்டது என்று கேட்டுப் பார்க்கலாம்.

கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே லண்டனையும் பிரிஸ்டலையும் இணைத்துப் பாதை போட்டபோது, இஞ்சின்களைப் பழுதுபார்க்க ஒரு பட்டறை தேவைப்பட்டது. 1840இல் டேனியல் கூச் ஸ்விண்டனைப் பரிந்துரைத்தார். 1843 ஜனவரியில் பட்டறை ஓடத் தொடங்கியது. குன்றின் மேல் பழைய சந்தை ஊர். கீழே வெறும் வயல். ஆள் வேண்டுமானால் வீடு வேண்டும், கம்பெனியிடமோ பணத் தட்டுப்பாடு. ரிக்பி என்ற காண்ட்ராக்டர்கள் தங்கள் செலவிலேயே ஸ்டேஷனையும் வீடுகளையும் கட்டித்தர முன்வந்தார்கள். சும்மாவா? ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலையை வருடம் ஒரு பென்னிக்கு 99 வருடக் குத்தகையாக வாங்கிக்கொண்டார்கள். ரயில்கள் அங்கே 10 நிமிடம் நின்றாக வேண்டும் என்று ஷரத்து வேறு. அங்கே விற்ற காப்பியை, பாதை போட்ட பொறியாளர் புருனலே 1845இல் வறுத்த தானியம் என்று நக்கலடித்துக் கடிதம் எழுதினார். பயணி அவசரத்தில் விழுங்கிய அந்தக் காப்பியின் லாபத்தை நம்பித்தான் இந்தக் கல் வீடுகள் எழுந்தன. குத்தகையிலிருந்து விடுபட 1895இல் கம்பெனி கொடுத்த விலை 100,000 பவுண்டு.

வீடுகளை ஒரு பிரதியாக வாசிப்போம். தெருக்கள் இரண்டு அணிகளாக நிற்கின்றன. மேற்கே பிரிஸ்டல், பாத், எக்சிடர், டாண்டன். கிழக்கே லண்டன், ரீடிங், ஆக்ஸ்ஃபர்டு, ஃபாரிங்டன். எல்லாம் கம்பெனி ரயில் போகிற ஊர்கள். தொழிலாளி தூங்குகிற தெருவுக்குக்கூட ஸ்டேஷன் பெயர்தான். தண்டவாளத்தைப் பார்த்த வரிசைக்கு முக்கோண முகடுகளோடு அலங்கார முகப்பு. யாருக்கு இந்த அழகுன்னு கேட்டால், ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற பயணிக்கு. முகப்புக்குப் பின்னால் சின்ன அறைகள், சிறு முற்றம், கக்கூஸ், பின்சந்து. வரிசையின் முனைகளில் இருந்த பெரிய வீடுகள் மேஸ்திரிகளுக்குப் போயின. பட்டறையின் படிநிலை அப்படியே கல்லில் இறங்கியிருக்கிறது. ஆரம்ப வருடங்களில் இரண்டு அறைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர். ராத்திரி ஷிப்ட்காரன் எழுந்த படுக்கையில் பகல் ஷிப்ட்காரன் விழுந்தான்.

ஃபூக்கோவைச் சொல்லி, கண்காணிப்பின் கட்டிடம் என்று இதை மூடிவிடலாம்தான். ஆனால் குடியிருந்தவர்கள் வெறும் கைப்பொம்மைகளாக இருக்கவில்லை. கல்யாணமாகாத ஆண்களுக்கென்று கோட்டை மாதிரி ஒரு விடுதியைக் கம்பெனி கட்டியது. கட்டுப்பாடுகள் நிறைந்த அந்த இடத்தில் தங்க ஆட்களுக்கு இஷ்டமில்லை. கடைசியில் அது 1869இல் மெதடிஸ்ட் தேவாலயமானது. இன்னொரு பக்கம், 1844இல் தொழிலாளர் கல்வி மன்றம் உருவானது. பங்கு திரட்டி எழுப்பிய அதன் கட்டிடம் 1855இல் திறந்தது. நூலகம், மேடை, பக்கத்திலேயே சந்தை. 1847இல் வேலை நீக்கங்களுக்கு நடுவே மருத்துவ நிதி தொடங்கியது. சம்பளத்தில் பிடித்த காசில் டாக்டர், மருந்து, பின்னால் ஆஸ்பத்திரி, குளியல் கூடம் என்று அது வளர்ந்தது. 1948இல் தேசிய சுகாதாரச் சேவை வந்தபோது அதில் கலந்துவிட்டது. கம்பெனியின் ஆதரவும் கட்டுப்பாடும் இவற்றில் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் நிரப்பியது தொழிலாளியின் கூலி.

இனி பாதுகாப்பின் கதை. 1960களில் வீடுகளை நகராட்சி வாங்கியது. கல் முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே குளியலறை, சமையலறை வசதி செய்து சீரமைத்தார்கள். ஒரு வீடு அருங்காட்சியகமானது. பல வீடுகள் நகராட்சி வாடகை வீடுகளாகவே தொடர்ந்தன. 1986 மார்ச்சில் பட்டறை மூடப்பட்டது. அதன் ஒரு பகுதியில் 1997இல் ஷாப்பிங் வளாகம் வந்தது. கல்வி மன்றமும் 1986இல் பூட்டப்பட்டு, பிறகு தனியார் கைக்குப் போய், பல பத்தாண்டுகளாகச் சிதைந்தது. இத்தனைக்கும் அரசுப் பட்டியலில் அதன் தரம் வீடுகளின் தரத்தைவிட ஒரு படி மேல்.

இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். தரம் குறைந்த வீடுகள் நிற்கின்றன, தரம் உயர்ந்த மன்றம் உதிர்கிறது. வீட்டுக்குப் பொது உடைமையும் உள்ளே சமைத்துத் தூங்குகிற மனிதர்களும் இருந்தார்கள். மன்றத்துக்கு மிஞ்சியது பட்டியல் காகிதம் மட்டும். மரபுச் சின்னமென்று அறிவிக்கச் சொல்லி மனுப் போடுகிற நாம், அந்த அறிவிப்புக்குப் பிறகு கட்டிடம் யார் கையில் இருக்கும், யார் உள்ளே இருப்பார்கள் என்பதையும் அதே மனுவில் எழுதியாக வேண்டும்.