சிறார் சிறாருக்குக் கற்பித்தல்: திண்ணைப் பள்ளி முதல் செயல்வழிக் கற்றல் வரை

ஆய்வுச் சுருக்கம்

மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறை தமிழகத்தின் கல்வி வரலாற்றில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நோக்கங்களுடன் கையாளப்பட்டுள்ளது. திண்ணைப் பள்ளியிலும் ஆண்ட்ரூ பெல்லின் சென்னை முறையிலும் அது ஒழுங்கையும் சிக்கனத்தையும் காத்தது. மரியா மாண்டிசோரியின் அடையாறு, கொடைக்கானல் பணிகளில் அது குழந்தையின் சமூக, மனவெழுச்சி வளர்ச்சிக்கான களமானது. செயல்வழிக் கற்றலில் அது அரசுப் பள்ளி வகுப்பறையின் பொது நடைமுறையானது. அமைப்பு ஒன்றாயிருப்பினும், குழந்தைகளிடையே அது தோற்றுவிக்கும் உறவே ஒரு கல்வியைக் குழந்தை மையக் கல்வியாக ஆக்குகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: குழந்தை மையக் கல்வி, திண்ணைப் பள்ளி, சட்டாம்பிள்ளை, சென்னை முறை, மாண்டிசோரி, செயல்வழிக் கற்றல், மனவெழுச்சி வளர்ச்சி.

முன்னுரை

குழந்தை மையக் கல்வி குறித்த தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளில் ஒன்றைச் சார்ந்து நிற்கின்றன. அக்கல்வி மேலை நாட்டிலிருந்து வந்தது என்பது ஒன்று. நம் திண்ணைப் பள்ளிகளிலேயே அது இருந்தது என்பது மற்றொன்று. இரண்டாவது நிலைப்பாட்டினர் காட்டும் முதன்மைச் சான்று, அப்பள்ளிகளில் மாணவரே மாணவருக்குக் கற்பித்தனர் என்பதாகும். அச்சான்று உண்மையானதே, ஆயின் அதிலிருந்து பெறப்படும் முடிவு ஆய்வுக்குரியது. ஒரு குழந்தை மற்றொரு குழந்தைக்குக் கற்பிக்கும்போது அவ்விருவருக்குமிடையே உருவாவது தோழமையா, அதிகாரமா என்னும் வினாவை முன்வைத்து இவ்வரலாற்றை அணுகுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணைப் பள்ளியும் சட்டாம்பிள்ளையும்

திண்ணைப் பள்ளியில் வெவ்வேறு வயதினரான மாணவர் ஓர் ஆசிரியரிடம் ஒன்றாகப் பயின்றனர். மணலில் விரலால் எழுதிப் பழகுதல், எண்சுவடியை உரக்கச் சொல்லி மனனம் செய்தல், பாடம் ஒப்பித்தல் ஆகியவை அன்றாடப் பயிற்சிகள். மூத்த மாணவருள் ஒருவர் சட்டாம்பிள்ளையாக இருந்து, இளையோரின் பாடத்தைக் கேட்பதையும் ஒழுங்கைக் கண்காணிப்பதையும் மேற்கொண்டார். இன்றும் பிறரை அடக்கி ஏவுவதைச் ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ என்று வழங்கும் வழக்கு, அப்பொறுப்பு மக்கள் நினைவில் எவ்வாறு பதிந்தது என்பதைக் காட்டுகிறது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணக் கல்வி நிலை குறித்து ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டார். 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் அவர் தொகுத்துரைத்தபடி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பல் 1823இல் அளித்த அறிக்கை எண்ணிக்கையோடு நில்லாது, பள்ளியின் உள்நடப்பையும் விவரிக்கிறது. பெல்லாரி தமிழ் வழங்கிய பகுதியன்று. எனினும் அக்காலக் கிராமப் பள்ளியின் இயல்பை அறிய அவ்வறிக்கை இன்றியமையாதது.

அவ்வறிக்கையின்படி, காலையில் முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையில் கலைமகளின் பெயர் எழுதப்பெறும். இரண்டாவதாக வருபவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை என்பதன் அடையாளமாகச் சுழி இடப்பெறும். மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருவோர்க்கு ஒவ்வொன்றாகக் கூடும். முன்னேறிய மாணவர் பின்தங்கியோர்க்குக் கற்பிக்கும் சிக்கனமான முறையையும் அதே அறிக்கை பாராட்டுகிறது. இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகும் என்றும் கருதுகிறது. மாணவர் மாணவருக்குக் கற்பித்தலும் அச்சத்தை அடிப்படையாகக் கொண்ட ஒழுங்கும் ஒரே பள்ளியில் முரணின்றி இணைந்திருந்தன என்பது இங்குக் கருதத்தக்கது.

சென்னை முறை

கேம்பல் குறிப்பிடும் இங்கிலாந்துத் தொடர்பின் மூலம் ஆண்ட்ரூ பெல் ஆவார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இக்குரு 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் ஆண் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அக்கால ஐரோப்பியர் ‘மலபார்’ என்றழைத்த உள்ளூர்ச் சிறுவர்களின் பள்ளியில் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் இல்லத்தில் புகுத்தினார். ஆசிரியர் அதனை ஏற்கத் தயங்கியபோது, ஒரு சிறுவனிடமே அவ்வகுப்பை ஒப்படைத்தார். அதன் வெற்றியைத் தொடர்ந்து பள்ளி முழுவதும் மாணவர் வழிக் கற்பித்தலுக்கு மாறியது. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் வாயிலாக இது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்றது. 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சார்பில் தொடங்கப்பெற்ற தேசியக் கழகம் இம்முறையைத் தன் பள்ளிகளில் பரப்பியது.

பெல் உடல் தண்டனையைக் குறைக்க முயன்றவர். தவறுகளைக் கரும்புத்தகம் ஒன்றில் பதிந்து, மாணவர் நடுவர் குழுவே தீர்ப்பு வழங்கச் செய்தார். சரியான விடை தருவோர் வரிசையில் முன்னேறுவர்; தவறியோர் பின்னே செல்வர். பிரம்பின் இடத்தைத் தரவரிசையும் சக மாணவரின் கண்காணிப்பும் பெற்றன. ஓர் ஆசிரியரைக் கொண்டு பலருக்குக் குறைந்த செலவில் கற்பிப்பதே இம்முறையின் கவர்ச்சியாக இருந்தது. குழந்தை இங்குக் கல்வியின் மையமன்று. கல்வி இயந்திரத்தின் உறுப்பு.

அடையாறும் கொடைக்கானலும்

1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மாண்டிசோரி, பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று 1939 இறுதியில் அடையாறு வந்தார். அங்கு நடைபெற்ற முதல் பயிற்சியில் ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்டனர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதால், இத்தாலியரான அவருடைய நடமாட்டம் சபை வளாகத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டது. மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அவருடைய 70ஆம் பிறந்த நாளையொட்டி அவ்வாண்டு ஆகஸ்டில் மாரியோ விடுவிக்கப்பட்டார். இருவரும் 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினர்.

மூன்று முதல் ஆறு வயது வரையினரை ஒன்றாகப் பயிலச் செய்வது ரோமிலேயே தொடங்கிய நடைமுறை. கொடைக்கானலில் நடத்தப்பெற்ற சிறு பள்ளி பல வயதுச் சிறாரையும் ஒன்று சேர்த்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டோர்க்கான ‘பேரண்டக் கல்வி’ என்னும் கருத்து அங்கு விரிவடைந்தது. பின்னர் அடையாற்றிலிருந்து 1946இல் ‘புதிய உலகுக்கான கல்வி’ என்னும் பொருள்பட்ட தலைப்பிலும், 1949இல் ‘ஈர்க்கும் மனம்’ என்னும் பொருள்பட்ட தலைப்பிலும் அவருடைய ஆங்கில நூல்கள் வெளிவந்தன.

மாண்டிசோரி வகுப்பறையில் ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்று இருக்கும். ஒரு குழந்தை அதனைக் கையாளும்போது மற்றொரு குழந்தை காத்திருக்க வேண்டும். பொறுமையும் பிறர் பணியை மதித்தலும் அறவுரையாகப் புகட்டப்படாமல், இக்காத்திருப்பிலேயே வாய்க்கின்றன. இளைய குழந்தை மூத்த குழந்தையின் செயலைப் பார்த்துக் கற்கிறது. கேட்டால் மூத்தது உதவுகிறது. பரிசும் தண்டனையும் இல்லை. வரிசையில் முன்னேற்றமும் இல்லை. உதவும் குழந்தைக்கு உதவி பெறும் குழந்தையின் மீது எவ்வித அதிகாரமும் இல்லாமையே சட்டாம்பிள்ளை முறையிலிருந்து இதனை அடிப்படையில் வேறுபடுத்துகிறது. ஆயினும் இக்கல்வி தமிழகத்தில் பெரும்பாலும் கட்டணம் செலுத்த இயன்ற நகர்ப்புறக் குடும்பங்களின் எல்லைக்குள்ளேயே நெடுங்காலம் நின்றது.

செயல்வழிக் கற்றல்

அவ்வெல்லையைக் கடந்து அரசுப் பள்ளிகளில் குழந்தை மையக் கல்வியை நடைமுறைப்படுத்திய பெரு முயற்சி செயல்வழிக் கற்றலாகும். ஆந்திர மாநிலம் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்கென உருவான அட்டை வழிக் கற்றலை முன்மாதிரியாகக் கொண்டு, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இது தொடங்கப்பெற்றது. அப்போது எம். பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தார். 2007-08இல் ஒன்று முதல் நான்கு வரையான வகுப்புகளுக்கு இது மாநில அளவில் விரிந்தது.

இம்முறையில் குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்து, கற்றல் ஏணியில் தாம் நிற்கும் படிக்குரிய அட்டையைத் தாமே எடுத்துப் பயின்றனர். ஆசிரியரின் முழு உதவி, பகுதி உதவி, சக மாணவரின் முழு உதவி, பகுதி உதவி, தனித்துக் கற்றல், மதிப்பீடு என ஆறு குழுக்கள் வகுக்கப்பட்டன. பருவகால வேலைக்காகப் பெற்றோருடன் ஊர் விட்டுச் சென்ற குழந்தை, திரும்பி வந்ததும் தான் விட்ட படியிலிருந்தே தொடர இயன்றது. பின்தங்கியவர் என்னும் அவமானத்தை அமைப்பே தவிர்த்தது என்பது மனவெழுச்சி நோக்கில் இதன் முதன்மையான பங்களிப்பாகும்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்து, அச்சமற்ற, குழந்தை மையக் கற்றலை வலியுறுத்தியதால் இந்நோக்குக்குச் சட்ட வலிமையும் கிடைத்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் மாணவரை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பகுக்கிறது. இப்பெயர்கள் வளர்ச்சியைக் குறிப்பன. எந்த மலரும் அரும்பாக இருந்ததே. ஆயின் குழுக்களுக்கிடையே கொடுக்கல் வாங்கல் இல்லையேல், இவையும் பெல்லின் வரிசைகள் போல் நிலையான தரப்பெயர்களாகிவிடக் கூடும்.

முடிவுரை

சிறார் சிறாருக்குக் கற்பித்தல் தமிழகத்தில் தொன்மையானது என்பதில் ஐயமில்லை. அதனாலேயே குழந்தை மையக் கல்வியும் தொன்மையானது என்பது பொருந்தாது. ஒரு வகுப்பறையை மதிப்பிட மூன்று அளவுகோல்கள் இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுகின்றன. உதவும் குழந்தையிடம் தண்டிக்கும் அதிகாரம் உள்ளதா? இன்று உதவி பெறும் குழந்தை நாளை உதவும் இடத்துக்கு வர இயலுமா? அறியாமையை வெளிப்படுத்துவது அவமானமாகக் கருதப்படுகிறதா? அட்டைகள், கருவிகள், ஆண்டிறுதி அடைவு எண்கள் ஆகியவற்றைக் கணக்கிடும் ஆய்வுகள் பல உள்ளன. இம்மூன்று வினாக்களோடு வகுப்பறையில் அமர்ந்து, குழந்தைகள் ஒருவரோடொருவர் பேசும் மொழியைப் பதிவு செய்யும் கள ஆய்வுகளே இனித் தேவைப்படுகின்றன.