மதுரை: இரவு, கூத்து, திருவிழா

வைகைக் கரையில் அமைந்த பாண்டியர் தலைநகர். ‘தூங்கா நகரம்’ என்ற பெயர் இதற்கு நெடுநாளாக வழங்குகிறது. ஆனால் இந்நகரின் இரவைப் பற்றிய மிகப் பழைய பதிவு, ஊர் தூங்கியதாகத்தான் சொல்கிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன்மேல் மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பத்துப்பாட்டில் மிக நீண்டது, 782 அடிகள். பகல் சந்தையான நாளங்காடியையும் இரவுச் சந்தையான அல்லங்காடியையும் காட்டிவிட்டு, அது இரவை யாமம் யாமமாக வருணிக்கிறது. இரண்டாம் யாமத்தில் கடைகள் அடைபடுகின்றன. அடையும் மோதகமும் விற்றவர்கள் தூங்கி விழுகிறார்கள், விழாவில் ஆடிய கூத்தர்களும் படுத்துவிடுகிறார்கள். மூன்றாம் யாமத்தில் விழித்திருப்பவர்கள் கள்வரும் காவலரும்தான். ஆகவே நகரை விடியவிடிய விழிக்க வைத்தவர்களைப் பின்வந்த நூற்றாண்டுகளில் தேட வேண்டும்.

முதலில் திருவிழா. மீனாட்சி கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் உள்ளன. சித்திரைத் தேர் ஓடுவதோ மாசி வீதிகளில். மீனாட்சி திருக்கல்யாணம் முன்பு மாசியில் நடந்தது என்றும், திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) அதைச் சித்திரைக்கு மாற்றி, தேனூரில் ஆற்றில் இறங்கிவந்த அழகர்கோயில் பெருமாளான அழகரை மதுரைக்கு வரவழைத்து இரண்டு விழாக்களையும் இணைத்தார் என்றும் மரபு கூறுகிறது. மாசி வீதி என்ற பெயரே மாத மாற்றத்துக்கு வலுவான சாட்சி. சைவ விழாவும் வைணவ விழாவும் ஒன்றானதில் பக்தியோடு அரசியல் கணக்கும் இருந்திருக்க வேண்டும். நகரத்தாரும் சுற்றுவட்டக் கிராமத்தாரும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் கூடினார்கள்.

விழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். அன்றுமுதல் ஆவணி வரை ஆட்சி அம்மனுடையது. பத்தாம் நாள் கல்யாணம், மறுநாள் தேர். அழகர்கோயிலிலிருந்து கள்ளர் வேடத்தில் கிளம்பும் அழகர், வழிநெடுக மண்டகப்படிகளில் தங்கித் தங்கி வருகிறார். தல்லாகுளத்தில் மக்கள் அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. சித்ரா பௌர்ணமி விடியலில் ஆற்றில் இறங்குகிறார். அன்று அவர் உடுத்தி வரும் பட்டு பச்சையா என்று பார்க்க உழவர்கள் கழுத்தை நீட்டுவார்கள். பச்சை என்றால் அந்த ஆண்டு விளைச்சல் என்பது நம்பிக்கை. முந்தின இரவு முழுக்க ஊரில் எவரும் படுப்பதில்லை. கூட்டத்துக்கு ஆபத்தும் உண்டு: 2022இல் நெரிசலில் இருவர் இறந்தனர்.

ஆவணி மூலத்தில் சிவன் பிட்டுக்கு மண் சுமந்த லீலை, புரட்டாசியில் நவராத்திரிக் கொலு, தையில் வண்டியூர் தெப்பம் என்று ஆண்டு நகர்கிறது.

இரவின் இன்னொரு சொந்தக்காரர் நாடகக்காரர். தூத்துக்குடியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்தார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். நடித்தார். கம்பெனிகள் கலைந்த பிறகும் நிலைத்தது ஸ்பெஷல் நாடகம். இதற்கென்று குழு இல்லை, ஒத்திகையும் இல்லை. முருகனாக வரும் ராஜபார்ட் ஓரூர், வள்ளியாக வரும் ஸ்திரீபார்ட் வேறூர். மேடையிலேயே சந்தித்து, ஆர்மோனியத்துக்கு ஈடுகொடுத்துப் பாடித் தர்க்கம் செய்வார்கள். அறிமுகமே இல்லாதவர்கள் எப்படி இணைந்து நடிக்கிறார்கள் என்றால், சுவாமிகளின் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எல்லாருக்கும் மனப்பாடம். இரவு பத்து மணியளவில் பபூன் வந்து தொடங்கினால் விடியும்போது முடியும்.

இசையில் மதுரையின் பங்கைச் சொல்ல மூன்று பேர் போதும். அனுமந்தராயன் கோயில் தெருவின் வீணைக் கலைஞர் சண்முகவடிவுக்கு 1916இல் பிறந்தவர் எம்.எஸ். சுப்புலட்சுமி. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜி கணேசன் ஊதுவதாக நாம் கேட்பது, மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம்.

திருவிழாவும் நாடகமும் விசேஷ இரவுகளுக்கு உரியவை. சாதாரண இரவை விழிக்க வைத்தது வேலை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரை மில் ஷிப்டுக்கு ஆள் எடுத்தது. நள்ளிரவில் வேலை விட்டு வருபவனுக்கு இட்லியும் பருத்திப்பாலும் வேண்டியிருந்தன. பின்பு சினிமாவின் இரண்டாம் ஆட்டம் சேர்ந்துகொண்டது. 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரியது என்று ஊரார் பெருமையடித்த கொட்டகை. இன்று அது இல்லை. பரோட்டாக் கல்லின் சத்தமும் ஜிகர்தண்டாக் கடையும் இருக்கின்றன.

கோயிலில் ஒவ்வோர் இரவும் மீனாட்சியின் கணவர் சுந்தரேசுவரரின் பாதங்கள் பல்லக்கில் அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குச் செல்கின்றன. அதன்பின் நடை சாத்தப்படும். மதுரையின் முழு இரவைக் காண விரும்புவோர், அழகர் ஆற்றில் இறங்கியதற்கு மறுநாள் இரவு ராமராயர் மண்டபத்துக்குப் போகலாம். அங்கே நடக்கும் தசாவதார சேவையில் மோகினி அலங்காரம் வருவதற்குள் பொழுது விடிந்துவிடும்.