மருந்துச் சாலும் மலட்டு ஈயும்

அமெரிக்க வேளாண்மைத் துறையில் ஏஃபிஸ் என்றொரு அமைப்பு இருக்கிறது. பயிருக்கும் கால்நடைக்கும் கேடு செய்யும் பூச்சியும் நோயும் நாட்டுக்குள் வராமல் காப்பதும், வந்துவிட்டால் ஒழிப்பதும் அதன் வேலை. அதன் விமானப் பிரிவில் மேற்பார்வை விமானி என்று ஒரு பதவி உண்டு. அவருக்கு விமானம் நன்றாக ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மருந்தடிக்கும் காலத்தில் பெரும்பாலும் ஓட்டுகிறவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அவர்களுடைய விமானம் தகுதியாக இருக்கிறதா, தெளிப்பான் சொன்ன அளவைத்தான் விடுகிறதா, இன்று பறக்கலாமா, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் இவர்.

இந்தப் பதவியின் கீழ் இரண்டு வேலைகள் வருகின்றன. மேற்கு மாநிலங்களின் மேய்ச்சல் நிலத்தில் வெட்டுக்கிளிக்கு மருந்தடிப்பது ஒன்று. கால்நடையின் புண்ணில் முட்டையிடும் திருகுப்புழு ஈயை ஒழிக்க, ஆலையில் வளர்த்து மலடாக்கிய ஈக்களை வானிலிருந்து விடுவது மற்றொன்று. இரண்டுக்கும் விமானம் வேண்டும், வரைபடம் வேண்டும், கோடு தவறாமல் பறக்கும் கை வேண்டும். அதனால் இரண்டையும் ஒரே தொழில் என்றே பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் வேலைக்கு நிறுத்தத் தெரிந்த ஆள் வேண்டும். இரண்டாவது வேலைக்கு, நிறுத்தச் சொல்லி எல்லாக் காரணங்களும் கூடி வந்தாலும் நிறுத்தாத ஆள் வேண்டும்.

பறப்பவர் ஒருவர், மருந்தைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர் என்ற பிரிவு முதல் நாளிலேயே இருந்தது. 1921 ஆகஸ்ட் 3 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் ஊருக்கு அருகே, கட்டால்பா மரத்தோப்பைத் தின்றுகொண்டிருந்த புழுக்களின் மேல் ஒரு கர்ட்டிஸ் ஜென்னி விமானம் காரீய ஆர்சனேட் தூளைத் தூவியது. ஓட்டியவர் ராணுவ விமானி ஜான் மெக்ரெடி. தூள் நிரம்பிய பெட்டியை வடிவமைத்த எட்டியன் டொர்மாய் உடன் அமர்ந்து அதைக் கையால் சுற்றி இயக்கினார். இன்றைய மேற்பார்வை விமானியின் மூதாதை என்று நான் சொல்வது டொர்மாயைத்தான். தூள் எங்கே விழுகிறது என்பதே அவருடைய கவலை.

வெட்டுக்கிளி வேலை விடிகாலையில் நடப்பது. வயோமிங், மொன்டானா போன்ற மாநிலங்களின் புல்வெளியில் ஒரு சதுர கஜத்துக்கு எட்டு வெட்டுக்கிளிக்கு மேல் இருந்தால் மருந்தடிக்க யோசிப்பார்கள். மாலத்தியான் என்ற பூச்சிமருந்தை நீர் கலக்காமல் நுண்துளியாக அடிக்கும்போது ஓர் ஏக்கருக்கு எட்டு அவுன்ஸ், அதாவது கால் லிட்டருக்கும் குறைவு. நம் ஊரில் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு டேங்க் டேங்காக நீர் கலந்து அடித்தவர்களுக்கு இந்த அளவு நம்ப முடியாததாக இருக்கும். துளி அவ்வளவு சிறியது. சிறிய துளி காற்றோடு போய்விடும் என்பதுதான் சிக்கலே.

மணிக்கு 10 மைலுக்கு மேல் காற்றடித்தால் அடிக்கக் கூடாது. மழை வரும் போலிருந்தால் கூடாது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும் வேளையில் துளி கீழே இறங்காமல் அந்தரத்தில் தங்கி எங்கோ நகரும், அப்போதும் கூடாது. வெயில் ஏறித் தரை சூடானால் காற்று மேலெழும்பித் துளியைத் தூக்கிக்கொண்டு போகும். அப்போது வேலையை முடித்துவிட வேண்டும். ஓடை, குளம் எதுவானாலும் 500 அடிக்குள் விமானத் தெளிப்பு கூடாது. தேனீப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு முன்கூட்டியே தகவல் போயிருக்க வேண்டும். இத்தனை 'கூடாது'களும் போக மிஞ்சுவது காலையில் சில மணி நேரம். அந்த நேரத்துக்காக விமானமும் ஆட்களும் மருந்து லாரியும் ஓடுதளத்தில் காத்திருக்கின்றன. ஒப்பந்தக்காரருக்கு ஏக்கர் கணக்கில்தான் கூலி. பண்ணைக்காரருக்குப் புல் போய்க்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் எதிராக, காற்று கூடிவிட்டது, இறக்குங்கள் என்று சொல்பவர் ஒருவர்தான். அந்தச் சொல்லுக்குத்தான் அரசு அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது.

நிறுத்துவதையே ஒரு முறையாக ஆக்கியவர் வயோமிங் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர் ஜெஃப்ரி லாக்வுட். 1980-களின் நடுவில் பெரும் வெட்டுக்கிளிப் படையெடுப்பு வந்தபோது அரசு ஒரு கோடி ஏக்கருக்கு மேல் முழுப்போர்வையாக மருந்தடித்தது. 1990-களில் லாக்வுட்டும் உடன் உழைத்தவர்களும் வேறு வழி காட்டினார்கள். ஒரு சால் அடி, ஒரு சால் விடு. ஏர் ஓட்டும் நம் ஆட்கள் சால் விட்டுப்போவதைக் குறையாகச் சொல்வார்கள். இங்கே அதுவே முறை. விட்ட சாலில் உள்ள கிளி நகர்ந்து மருந்துச் சாலுக்குள் வந்து சாகிறது. விட்ட சாலில் பிழைத்த சிலந்தியும் வண்டும் பறவையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. மருந்தும் பணமும் பாதிக்கு மேல்கூட மிச்சமாகலாம். மேற்பார்வையாளருக்கோ இது கூடுதல் வேலை. முழுப்போர்வையில் ஒரு கோடு சற்று விலகினாலும் அடுத்த கோடு மூடிவிடும். விட்டு விட்டு அடிக்கும்போது எந்தச் சால் விடுபட வேண்டியது, எது தவறி விடுபட்டது என்று தடக் கருவியின் பதிவை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விடையும் சீக்கிரம் தெரிந்துவிடும். அடிப்பதற்கு முன் எண்ணுகிறார்கள், அடித்த பின் எண்ணுகிறார்கள். ஓரிரு வாரத்தில் கணக்கு முடிந்துவிடும்.

திருகுப்புழு ஈ வேறு உலகம். 1858-ல் பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் சார்ல் கொக்கெரல், தென் அமெரிக்கத் தண்டனைத் தீவில் இருந்த கைதிகளின் உடலிலிருந்து எடுத்த புழுவை வைத்துத்தான் இந்த இனத்துக்குப் பெயரிட்டார். மனிதனை விழுங்குவது என்பது அதன் பொருள். பெண் ஈ புண்ணின் ஓரத்தில் 200, 300 முட்டை இடும். புழு உயிருள்ள தசையைத் தின்று உள்ளே இறங்கும். 'மாட்டுக்குப் புண்ணில் புழு வைத்துவிட்டது' என்று சீத்தா இலையை அரைத்துக் கட்டும் நம் கிராமத்தாருக்கு இந்த வேதனை தெரியும். நம் நாட்டில் இருப்பது அதன் உறவுக்காரன், வேறு இனம்.

எட்வர்ட் நிப்லிங்கும் ரேமண்ட் புஷ்லண்டும் கவனித்தது ஒரு சிறிய செய்தி: இந்தப் பெண் ஈ வாழ்நாளில் ஒருமுறைதான் இணையும். அந்த ஒருமுறை மலட்டு ஆணோடு நேர்ந்தால் அவள் இடும் முட்டை எதுவும் பொரியாது. 1954-ல் குராசோ தீவில் விமானத்திலிருந்து மலட்டு ஈக்களை வாரம் தவறாமல் விட்டுச் சில மாதங்களில் தீவையே சுத்தமாக்கினார்கள். பிறகு ஃப்ளோரிடா; 1962 முதல் டெக்சஸ். தென் டெக்சஸில் மிஷன் ஊருக்கு அருகே மூர் விமானத் தளத்தில் ஈ ஆலை நடந்தது. ஏஃபிஸின் விமானப் பிரிவு நெடுங்காலம் இயங்கியதும் அதே தளத்தில்தான். வெட்டுக்கிளிக்குப் புறப்பட்ட மேற்பார்வையாளரும் ஈக்குப் புறப்பட்டவரும் ஒரே ஓடுதளத்தை மிதித்திருக்கிறார்கள்.

இங்கே விமானம் சுமப்பது உயிர். ஆரம்பத்தில் அட்டைப் பெட்டிகளில் போனது. பின்னாளில் ஈக்களைக் குளிரில் மயங்க வைத்து, இயந்திரம் அளந்து அளந்து வெளியே விடும் முறை வந்தது. குளிர் குறைந்தால் உள்ளேயே விழித்து ஒன்றோடொன்று மோதிச் சிறகு கிழியும். இயந்திரத்தில் ஈ கட்டி தட்டினால் ஓரிடத்தில் கொத்தாக விழுந்து அடுத்த மைல் வெறுமையாகும். அந்த வெறுமையில் காட்டு ஆணும் காட்டுப் பெண்ணும் சந்தித்தால் போதும். மேய்ச்சல் நிலத்தில் வேண்டுமென்றே விடும் சால், இங்கே நோய் நுழையும் வாசல்.

இன்னொன்றும் இருக்கிறது. மருந்து டப்பாவை இன்று திறக்காவிட்டால் நாளைக்கும் மருந்துதான். ஈ அப்படியல்ல. மலடாக்கக் கூட்டுப்புழுவைக் கதிர்வீச்சில் காட்டிய பிறகு அது தன் நாளில் ஈயாகத்தான் வெளிவரும். ஆலை நிற்காது. மூடுபனியால் ஒரு நாள் பறக்காவிட்டால் அந்த நாளின் லட்சக்கணக்கான ஈக்கள் வீண். அதைவிட, அந்தப் பரப்பில் ஒரு நாள் காவல் இல்லை. எனவே இந்த மேற்பார்வையாளர் வானிலையைப் பார்க்கும் பார்வையே வேறு. வெட்டுக்கிளிக்காரர் 'இன்று வேண்டாம்' என்பதற்கான அறிகுறியைத் தேடுகிறார். இவர், விமானிகளின் உயிருக்கு ஆபத்தில்லாமல், எந்த நேரத்தில் எந்த வழியாக இன்றைய கோட்டை முடித்துவிடலாம் என்று பார்க்கிறார். ஆபத்தின் முகமும் வேறு. தாழப் பறப்பவனுக்கு மின்கம்பி, அடையாளம் தீட்டாத காற்றளவுக் கோபுரம். நாளெல்லாம் ஒரே கோட்டில் உயரப் பறப்பவனுக்கு மலை, மேகம், அலுப்பு.

விடை தெரிவது மிகத் தாமதம். பண்ணைக்காரர்கள் புண்ணிலிருந்து புழுவை எடுத்துக் குப்பியில் போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். குப்பி வராமல் போவதுதான் வெற்றி. 1972-ல் குப்பிகள் வந்து குவிந்தன. அமெரிக்காவில் அந்த ஆண்டு 95,000-க்கும் மேற்பட்ட தாக்குதல்கள் உறுதியாயின. ஏன் என்பதில் சண்டை நடந்தது. குளிர்காலம் கடுமையாக இல்லை என்றார்கள்; மான் பெருகிவிட்டது என்றார்கள்; ஈ போய்விட்டதென்று நம்பிய பண்ணைகளில் கன்றுகளின் புண்ணைத் தினம் பார்க்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்றார்கள். 1976-ல் கை புஷ் முதலானோர் இன்னொரு விளக்கம் தந்தார்கள்: தலைமுறை தலைமுறையாக ஆலைச் சூட்டில் வளர்ந்த ஈ, வெளியே காட்டு ஈயோடு போட்டிபோடப் பறக்கும் திறனை இழந்திருக்கலாம். விமானக் கோடு பிசகவில்லை, எண்ணிக்கை பிசகவில்லை. ஆனாலும் கன்றுகளுக்குப் புழு வைத்தது. வெட்டுக்கிளி வேலையில் மேற்பார்வையாளர் தன் தவறை ஓடுதளத்திலேயே கண்டுபிடித்துத் திருத்தலாம். இங்கே தவறு எங்கே என்றே தெரியாமல் மறுநாள் காலையும் விமானத்தை ஏற்றி அனுப்ப வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டில் கடினமானது இதுதான்.

இரண்டு முறைகளும் ஒரே மாநிலத்தில் மோதிக்கொண்டது கலிஃபோர்னியாவில். 1981 ஜூலையில் பழ ஈயை ஒழிக்க, ஆளுநர் ஜெரி பிரவுன் நீண்ட தயக்கத்துக்குப் பிறகு, மக்கள் குடியிருப்பின் மேல் மாலத்தியான் அடிக்க ஒப்புக்கொண்டார். பயமில்லை என்று காட்ட பி.டி. காலின்ஸ் என்ற அதிகாரி நீர்த்த மாலத்தியானை மக்கள் முன் குடித்தார். 1989, 1990-ல் லாஸ் ஏஞ்சலஸ் மேல் இரவில் ஹெலிகாப்டர்கள் அடித்தபோது ஊரே கொதித்தது. 1996 முதல் அந்தப் பகுதியில் மலட்டுப் பழ ஈக்களை ஓயாமல் விட்டுவருகிறார்கள். விமானம் போவதே பலருக்குத் தெரியாது.

திருகுப்புழு வேலையும் அப்படி யாருக்கும் தெரியாமல்தான் நடந்தது. 1982-க்குப் பின் அமெரிக்காவில் உள்ளூர்த் தொற்று நின்றது, 1991-ல் மெக்சிகோ விடுபட்டது, 2006-ல் பனாமா. அந்நாட்டின் டாரியென் காட்டின் மேல் வாராவாரம் ஈ விட்டு ஒரு வேலி போட்டுவைத்தார்கள். லிபியாவுக்கு இந்த ஈ தப்பிப்போனபோது, மெக்சிகோவில் வளர்த்த 130 கோடி மலட்டு ஈக்களை அங்கே விட்டு 1991-க்குள் ஒழித்தார்கள். வெட்டுக்கிளித் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஆண்டு தேவை பார்த்துப் பணம் ஒதுக்கலாம். கிளி இல்லாத ஆண்டில் விமானம் வேண்டாம். வேலிக்கு அந்தச் சலுகை இல்லை. தாக்குதலே இல்லாத ஆண்டிலும் அதே செலவு, அதே பறப்பு.

அந்த வேலி பிறகு உடைந்தது. பனாமாவில் ஆண்டுக்குச் சராசரி 25 தாக்குதல் என்றிருந்தது 2023-ல் 6,500-ஐத் தாண்டியது. 2024 நவம்பரில் மெக்சிகோவின் சியாப்பாஸ் மாநிலத்தில் ஒரு மாட்டில் புழு கண்டார்கள். அந்த மாநிலத்தின் டுஸ்ட்லா குட்டியெரஸில் வாரத்துக்கு 50 கோடி ஈ வரை வளர்க்க வல்ல ஆலை இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. பனாமாவில் மிஞ்சியிருந்த ஒரே ஆலையின் அளவு வாரத்துக்கு 10 கோடி. 2025-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை மலட்டு ஈ விடுவதற்குப் புதிய தளம் அமைப்பதாக அறிவித்தது. அது தேர்ந்தெடுத்த இடம் மூர் விமானத் தளம்.