பேரீச்சம்பழத்துக்குப் போன லாரிகள்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தகடோ, கம்பியோ, ஆங்கிளோ, எதுவானாலும் கிலோ கணக்குதான். அங்கிருந்து சில கிலோமீட்டருக்குள் பிறந்த வண்டிகளில் சிலதுக்கு மட்டும் இன்று எடையோடு சம்பந்தமில்லாத விலை கிடைக்கிறது. மற்றதெல்லாம் காயலான் கடைக்குப் போயாச்சு. எது 'கிளாசிக்', எது பழைய இரும்பு என்று யார் முடிவு செய்தது?

1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. பிறகு லேலண்டுடன் சேர்ந்து காமெட் லாரிகளுக்கு மாறியது. 1955ல் பெயரும் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955ல் திருவொற்றியூரில் புல்லட் வந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் இருந்த தாய் ஆலை 1967ல் மூடப்பட்டது. நம்மூர் ஆலை நிற்கவில்லை. 1977ல் இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி செய்தது.

தனியார் சேகரிப்புகள் இந்தியச் சந்தைக்குக் கொத்தாக வந்தது சமஸ்தானங்கள் சரிந்தபோதுதான். 1971ல் மன்னர் மானியம் ஒழிந்தது. அரண்மனைக் கொட்டகைகளில் நின்ற ரோல்ஸ் ராய்ஸ்களைப் பராமரிக்கக் கட்டுப்படியாகவில்லை; விற்றார்கள். நிறைய வண்டிகள் கப்பலேறின. எழுபதுகளில் அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. உள்ளூரிலேயே வாங்கிச் சேர்த்தவர்களில் பெரிய பெயர் அகமதாபாத்தின் பிரான்லால் போகிலால். அவர் சேர்த்தவை இன்று ஒரு அருங்காட்சியகம். ராஜாக்களின் கார்கள் பிழைத்தது இப்படித்தான்: விற்றவரிடம் பணம் இல்லை, வாங்கியவரிடம் பணமும் இடமும் இருந்தது.

இப்போது வீட்டுக் கொட்டகையில் நாலைந்து பழைய வண்டி வைத்திருப்பவர் விற்க நினைத்தால், 2021ல் வந்த மத்திய விதிகளைப் பார்க்க வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' வரிசையில் தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. கைமாறினால் விற்றவரும் வாங்கியவரும் 90 நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும். ஆக, விற்கிறவர் கையில் இருக்கும் உண்மையான சொத்து இரும்பு அல்ல. இன்ஜினில் வெட்டிய எண்ணும், அதோடு பொருந்துகிற ஆர்சி புத்தகமும்தான். அந்தக் காகிதம் தொலைந்தால் ஆஸ்டினுக்கும் பேரீச்சம்பழம்தான்.

ஆனால் அந்த விதியில் ஒரு சின்ன வரி இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான, வணிகம் சாராத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு மட்டுமே அந்த அந்தஸ்து. அதாவது திருவொற்றியூர் புல்லட் 'வின்டேஜ்' ஆகலாம். எண்ணூர் ஆஸ்டினும் ஆகலாம். அதே எண்ணூரில் பிறந்து, ஆயுசு முழுக்க லோடு அடித்த காமெட் லாரி ஆக முடியாது.

இதில் ஆச்சரியமில்லை. சேகரிப்பு என்பதே ஆசையாக வாங்கியவர்களின் வரலாறு. கூலிக்கு ஓடிய வண்டிக்கு ஓய்வுக் கொட்டகை கிடையாது. ஓடுகிற வரை ஓட்டி, பிறகு அறுத்துப் போடுவதுதான் கணக்கு. நாளைக்கு ஒருவர் தன் சேகரிப்பை விற்கும்போது அதில் ராஜா கார் இருக்கும், புல்லட் இருக்கும். வடசென்னைக்குச் சோறு போட்ட லாரி இருக்காது. அதை எப்போதோ எடை போட்டு விற்றுவிட்டோம்.