தாத்தா கொண்டு வந்த ஜப்பான் வாள்

நம் கல்லூரி மெட்டலர்ஜி லேபில் இரும்புத் துண்டைத் தேய்த்து, ஆசிட் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்ததெல்லாம் மார்க்குக்காக என்றுதான் அன்று நினைத்தோம். அது ஒரு வாள் விஷயத்தில் கைகொடுக்கும் என்று யார் கண்டது?

அத்திப்பட்டில் என்னோடு வேலை பார்க்கும் ஃபிட்டர் ஒருவர் பழைய வேட்டியில் சுற்றி ஒரு வாளைக் கொண்டு வந்தார். "சார், எங்க தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ்ல இருந்தவரு. பர்மா சண்டையில கிடைச்சது. ஜப்பான் ஜெனரலோட வாள்னு சொல்வாரு. துருவா இருக்கு, கிரைண்டர்ல பிடிச்சுடலாமா?" நல்லவேளை, கேட்டார்!

1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டபோது, சென்னை மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். 1945 செப்டம்பர் 12-ல் சிங்கப்பூரில் ஜப்பானியர் சரணடைந்தார்கள். அப்போது ஒப்படைக்கப்பட்ட வாள்களில் பல, வீரர்களின் டிரங்குப் பெட்டிகளில் ஊர் வந்து சேர்ந்தன.

அந்த வாள்களில் முக்கியமானவை மூன்று: 94, 95, 98 மாடல்கள். ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கின் கடைசி இரண்டு இலக்கம் அது. நம் கணக்கில் 1934, 1935, 1938. 94-ம் 98-ம் அதிகாரிகளுடையவை. பிடியில் திருக்கைத் தோல், மேலே நாடா, பிடியைப் பிடித்து நிறுத்த மூங்கில் ஆணி. ஆணியைத் தட்டி எடுத்தால் உள்ளே மறைந்திருக்கும் வால் பகுதியில் கொல்லனின் பெயர் வெட்டியிருக்கலாம். அங்குள்ள கறுந்துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி. அதைச் சுரண்டினால் சாட்சியையே அழித்த மாதிரி. நட்சத்திர முத்திரை இருந்தால், ராணுவம் அங்கீகரித்த கொல்லர் பழைய முறையில் அடித்தது என்று பொருள். களிமண் பூசித் தண்ணீரில் தோய்த்த வாளில் விளிம்போரம் அலை போன்ற கோடு தெரியும். அது மார்ட்டன்சைட், நாம் படித்ததேதான்! போலியில் அந்தக் கோட்டை ஆசிட்டால் வரைந்திருப்பார்கள்.

95-ம் மாடல் வேறு ஜாதி. மெஷினில் செய்தது. நாடா சுற்றியதுபோல் வார்த்துப் பெயின்ட் அடித்த அலுமினியப் பிடி, ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ, அலகில் வரிசை எண்.

ஃபிட்டரின் வாளில் எண்ணெய் விட்டுத் துணியால் துடைத்தேன். எண் தெரிந்தது. உறையின் வாயிலும் அதே எண்! அசல் 95, ஜோடி பிரியாதது.

"அண்ணே, அசல்தான். ஆனா ஜெனரலோடது இல்ல. நம்ம ஹவில்தார் மாதிரி ஒருத்தருக்கு சர்க்கார் கொடுத்தது" என்றேன். முகம் வாடும் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"எங்க தாத்தாவும் ஹவில்தார்தான் சார்."

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கலாம். எண்ணெய் போடுங்கள்; கிரைண்டர் மட்டும் வேண்டாம்.