ஒரு நாடகம் காத்த கலை

ஏட்டில் எழுதிய கவிதை ஏடு உள்ளவரையும் நிற்கும். ஆனால் ஓர் அசையை எத்துணை நீட்டிப் பாடவேண்டும், அவ்வேளையில் நீண்ட சட்டைக்கையை எங்ஙனம் வீசவேண்டும் என்பன ஏட்டில் முற்றாக அடங்குவன அல்ல. அவை ஆசிரியனுடைய குரலிலும் உடலிலும் வாழ்வன. மாணாக்கனுக்கு அவன் ஈயாது மறைந்தால் அவனோடு மறைவன. சீன தேசத்துக் குன்சூ என்னும் இசை நாடகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சூச்சோ நகரை அடுத்த குன்ஷான் என்னும் ஊரின் பெயராலேயே இக்கலை வழங்குகின்றது. 16ஆம் நூற்றாண்டில் வெய் லியாங்பூ என்ற இசைவாணர் அவ்வட்டார மெட்டுக்களைச் செப்பனிட்டார். நீர் விட்டு அரைத்தாற்போல நயமாக ஒலித்தமையால் அப்புதிய பாணியை ‘நீராலை இசை’ என்றனர். மூங்கிற் குழலே அதன் தலைமைக் கருவி. தாங் சியன்சூ 1598ஆம் ஆண்டில் இயற்றிய ‘பியோனி மண்டபம்’ என்னும் 55 காட்சி நாடகம் குன்சூ மேடையிலே பெரும் புகழ் பெற்றது.

புகழுக்குப் பின் தேய்வும் வந்தது. 1790இல், சியன்லுங் பேரரசரின் எண்பதாம் பிறந்தநாளை ஒட்டி, அன்ஹுய் மாகாணத்து நாடகக் குழுக்கள் தலைநகர் புகுந்தன. அவற்றின் வழியே வளர்ந்த பீக்கிங் நாடகம், எளிய மொழியாலும் விறுவிறுப்பாலும் பொதுமக்களைக் கவர்ந்தது. செய்யுள் நடை மிகுந்த குன்சூவோ கற்றோர் சிலரின் சுவைக்கே உரியதாய் ஒடுங்கியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த தைப்பிங் கிளர்ச்சி அதன் தாயகமாகிய சூச்சோவையே சீர்குலைத்தது.

இந்நிலையில், 1921இல் அன்பர் சிலர் சூச்சோவில் ஒரு பயிற்சிக்கூடம் நிறுவினர். அங்கே பயின்ற சிறுவர்கள் யாவருக்கும் மேடைப் பெயரின் நடுவில் ‘சுவான்’ என்னும் எழுத்தை இட்டனர். ‘வழிவழியாகக் கையளித்தல்’ என்பது அதன் பொருள். அடுத்த எழுத்தோ அவரவர் ஏற்கும் வேடத்தைக் குறித்தது. இளந்தலைவன் வேடத்தார்க்கு மணிக்கல்லின் குறி அமைந்த எழுத்து. பெண் வேடத்தார்க்குப் புல்லின் குறி. கோமாளிக்கு நீரின் குறி. இவ்வாறு ஒவ்வொருவரும் தம் கடமையைத் தம் பெயரிலேயே தாங்கி நடந்தனர். எனினும் 1937இல் மூண்ட ஜப்பானிய யுத்தத்தினால் இவர்களுடைய குழு நலிந்து சிதறியது. சிலர் சிறு குழுவொன்றிற் சேர்ந்து சேஜியாங் பகுதியில் ஊரூராய்த் திரிந்து வயிறு வளர்த்தனர்.

அவர்களே 1956இல் ‘பதினைந்து சரம் காசு’ என்னும் பழைய நாடகத்தைச் சுருக்கித் திருத்தி, பெய்ஜிங்கில் நடித்தனர். இறைச்சி வணிகன் ஒருவன் கொலையுண்ண, குற்றமற்ற இருவர் மரண தண்டனை பெறுகின்றனர். நேர்மையுள்ள அதிகாரி ஒருவர் சோதிடன் வேடம் பூண்டு சென்று உண்மைக் கொலைஞனைக் கண்டுபிடிக்கிறார். அதிகாரியாகச் சோ சுவான்யிங்கும், கள்வனாக வாங் சுவான்சொங்கும் நடித்தனர். இருவரும் 1921ஆம் ஆண்டுக் கூடத்தின் மாணவர்கள். பிரதமர் சோ என்லாய் இதனைப் பாராட்டினார். ஒரு நாடகம் ஒரு கலைக்கே உயிர்கொடுத்தது என்னும் கருத்தை முன்வைத்து ‘மக்கள் நாளிதழ்’ மே 18ஆந் திகதி தலையங்கம் தீட்டியது.

1966 முதல் 1976 வரை நடந்த கலாசாரப் புரட்சியில் பழைய நாடகங்கள் மீண்டும் மேடையிழந்தன. ஆயினும் கற்றவர்கள் எஞ்சியிருந்தமையால் கலை மீண்டும் தளிர்த்தது. 2001இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த 19 வாய்மொழி மரபுச் செல்வங்களுள் குன்சூவும் இடம்பெற்றது. கேரளத்துக் கூடியாட்டமும் அதே வரிசையில் நின்றது.

உலகம் அளித்த இச்சிறப்பு பெரிதே. ஆயினும் அதனைப் பெறுவதற்குக் கலை உயிரோடிருக்க வேண்டுமன்றோ? அவ்வுயிரைக் காத்தவர்கள், பசியோடு ஊரூராய் அலைந்தபோதும் தாம் கற்றதை மறவாதிருந்த அந்தச் ‘சுவான்’ தலைமுறையினரே.